பெட்ராவின் கல்லுக்கு மஞ்சள் பூசிய அக்கா

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம். சேலத்தில் எங்கள் பங்குக் கோயில் வளாகத்தில், இயேசு பிறந்த தொழுவத்தைச் செய்துவைக்கிற குடில் போட்டி. ஒவ்வொரு தெருக்காரர்களும் சேர்ந்து ஒரு குடில் கட்ட வேண்டும். எங்கள் தெருவுக்கு அதுவரை ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை. இந்த முறை விடுவதில்லை என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த வருஷம்தான் திருப்பயணம் போனபோது ஜோர்டானில் பெட்ராவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பாலைவனத்து நடுவில் ரோஜா நிறப் பாறையைக் குடைந்து உண்டாக்கிய பழைய வியாபார நகரம். சாம்பிராணி ஏற்றிய ஒட்டகங்கள் அந்த வழியாகத்தான் போகுமாம். ஊருக்குள் நுழைகிற இடுக்குப் பாதை நெடுக சாமி மாடங்கள். பல இடங்களில் சாமிக்கு உருவமே கிடையாது, வெறும் சதுரக் கல். ஒரு கல்லில் மட்டும் இரண்டு கண்ணும் மூக்கும் இருந்தன. வாய்கூட இல்லை. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. என்னை அங்கிருந்து நகர்த்துவதற்குள் என் வீட்டுக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் சாம்பிராணி கொண்டுவந்தார்கள் அல்லவா, அந்தச் சாம்பிராணி வந்த ஊரையே குடிலாகக் கட்டுவோம் என்றேன். சாக்கை சிமெண்ட் பாலில் நனைத்துப் பாறை செய்தோம், மேலே செங்காவி அடித்தோம். தூணெல்லாம் தெர்மாகோல். வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்லை நட்டு, எம்-சீல் வைத்துக் கண்ணும் மூக்கும் நானே ஒட்டினேன்.

விழாக் குழுப் பெரியவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். வேற்றுச் சாமி குடிலில் எதற்கு, எடுக்காவிட்டால் போட்டியில் சேர்க்க முடியாது என்றார். நானா விடுவேன்? ஐயா, இது வெறும் சரித்திரம், கும்பிட ஆளில்லாமல் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது, இங்கே மட்டும் யார் கும்பிடப் போகிறார்கள் என்று வாய் கிழியப் பேசினேன். சரி, பங்குச் சாமியார் வந்து முடிவு சொல்லட்டும் என்று போய்விட்டார்.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு ராசிபுரம் பக்கம். வருஷா வருஷம் குடில் பார்க்க வருவார். அன்று மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, பூஜைக்கூடையோடு நேராக வந்திருக்கிறார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், கல் முழுக்க மஞ்சள்! நெற்றியில் குங்குமம், உச்சியில் செவ்வரளி. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நிற்கிறார்.

எனக்கு உயிரே போய்விட்டது. முந்தானையால் துடைக்கலாம் என்று குனிவதற்குள் சாமியார் வந்துவிட்டார், பின்னாலேயே பெரியவரும். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

சாமியாருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். இது என்ன சாமி தெரியுமா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"தெரியலீங்க சாமி. எங்கூர்ல கன்னிமார் கல்லுக்கு இப்படித்தான் கண்ணு வெச்சிருப்பாங்க. சாமி கண்ணத் தொறந்து நம்மளப் பாக்கறப்ப சும்மா தாண்டிப் போக மனசு வரலீங்க. தப்புங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, பெட்ராவில் பிடிபடாத அந்த முகத்தை எங்கே பார்த்திருக்கிறேன் என்று: நம்மூர்க் கன்னிமார் கல்லில்தான். சாமியார் கல்லைப் பார்த்தார். பக்கத்தில் ஒட்டகத்தோடு நின்ற மூன்று ராஜாப் பொம்மைகளைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏங்க ஐயா, இந்த மூணு ராஜாக்களும் ஞானஸ்நானம் வாங்கிட்டா வந்தாங்க? அவங்க ஊர்ச் சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் கிளம்பியிருப்பாங்க. கல்லு இருக்கட்டும்."

பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை இயேசுவை நள்ளிரவுப் பூசையில்தான் வைப்பார்கள் என்பதால் தீவனத் தொட்டி காலியாக இருந்தது. அக்கா கூடையில் மிச்சமிருந்த பூவை அதில் பரப்பி, பொறக்கப் போற கொழந்தைக்குங்க என்றார். நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

எங்களுக்கு மூன்றாம் பரிசு. தெருவே விசிலடித்தது. ஆனால் கண் திறந்து பார்க்கிற எதையும் கும்பிடாமல் தாண்டிப் போகாத மனுஷர்களோடு குடியிருக்கிறேன் என்பதுதான், பெட்ராவுக்கே போய்வந்த பெருமையைவிட இன்றைக்கும் எனக்குப் பெரிதாக இருக்கிறது.