என் மேல் வந்த அம்மாள்

கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, வந்தால் கிழமைக்கணக்கில் படுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பெண் என்னைத் தெய்வமென்று விழுந்து கும்பிடுவாள் என்பது தெரியாது. அதுவும் என்னை. ஐந்து வேளை தொழுகிற, மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருக்கிற ஒரு பொத்துவில்காரனை.

வங்கி வேலைக்காகக் கல்முனைக்கு மாற்றலாகி வந்திருந்தேன். முதலில் எங்கள் ஆட்களின் தெருக்களில்தான் அறை தேடினேன். இந்தக் கரையில் வீடு என்றால் பெண்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கிற வீடு. குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் கலியாணம் முடிக்காத இளந்தாரிக்கு யார் அறை கொடுப்பார்கள்? சலாம் சொல்லி, தேத்தண்ணி தந்து, அன்பாகத்தான் அனுப்பிவைத்தார்கள். கடைசியில் தமிழ்ப் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி தங்கள் மகனின் அறையைத் தந்தார்கள். மகன் யுத்த காலத்தில் ஒரு காலை வேலைக்கென்று சைக்கிளில் போனவன், திரும்பி வரவில்லை. ஒரே பிள்ளை. எதற்கும் சொல்லி வைக்கிறேன் என்பதுபோல அந்த அம்மா முதல் நாளே என்னிடம் சொன்னாள்.

"அவன் வந்தா நீங்க வேற அறை பாக்கணும் மகன்."

வீட்டுக்கார ஐயாவுக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. அவர் வீரமுனைப் பக்கம் வயல் செய்கிறவர், கதை குறைவு. மகனுக்கு முறைப்படி கருமம் செய்துவிட வேண்டும், தான் கண்ணை மூடினால் அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லை என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கவலை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கருமமா என்று அவள் சீறுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். அந்த வீட்டில் வேறு சண்டையே இல்லை. அந்த ஒன்று மட்டும் முடியாமல் கிடந்தது.

இந்த நிலையில்தான் எனக்குக் காய்ச்சல் அடித்து, நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளம் போட்டது. ஊருக்குப் போகலாமென்றால் எனக்கு மூத்தவள், ராத்தா, பிள்ளைத்தாய்ச்சியாக உம்மா வீட்டில் இருந்தாள். வந்துவிடாதே மகனே என்று உம்மா தொலைபேசியில் அழுதாள். வைத்தியர் மருந்தைத் தந்து, பஸ்ஸில் ஏறக் கூடாது, அறையை விட்டு வெளிக்கிடவும் கூடாது என்றார். நான் பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் கண்ணைத் திறந்தால் நிலையில் வேப்பங்குழை செருகியிருந்தது. வேப்பிலை எங்கள் வீடுகளிலும் மருந்துதானே, அதில் எனக்கொன்றும் இல்லை. கால்மாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த அம்மா முழங்காலில் இருந்து, நிலத்தில் நெற்றி பட என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் உயிர் போய் மௌத்தாகிவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வந்திட்டியா தாயே," என்றாள். "ஏழை வீடெண்டு பாராம வந்திட்டியா."

நேற்றுவரை 'நீங்க, மகன்' என்றவள். என் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

மாரியம்மன் நோயை அனுப்புகிறாள் என்று இந்துக்கள் நம்புவதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். அந்த நோயே அவள்தானாம். என் உடம்பில் இருப்பது கொப்புளம் இல்லை, முத்தாம். அம்மாள் என் மேல் வந்து இறங்கியிருக்கிறாள், விளையாடி முடிந்ததும் போவாள், அதுவரை வீட்டில் மீன் இல்லை, தாளிப்பு இல்லை, உரத்த கதை இல்லை. இதையெல்லாம் அந்த அம்மா அடுப்படியில் இருந்து ஐயாவுக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் பிறக்காத, யாரையும் பெறாத, உருவமே இல்லாத ஒருவனை வணங்கி வளர்ந்தவன் நான். இங்கே ஒரு தெய்வம் வாடகை அறையில், இடுப்பில் கட்டிய அழுக்குச் சாரத்தோடு, முதுகைச் சொறிய முடியாமல் படுத்துக் கிடக்கிறது. அதற்கு இளநீர் வேண்டியிருக்கிறது. நான் அதிர்ந்து போனேன் என்பது சின்னச் சொல்.

பயமும் வந்தது. இறைவனுக்கு இணை வைக்காதே என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். என்னையே ஒருவர் இணையாக வைத்தால் என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. மௌலவியாக இருக்கிற கூட்டாளி ஒருவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பாவி முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, தடுத்துப் பார், முடியாவிட்டால் மனதால் வெறு என்றான்.

தடுத்துப் பார்த்தேன். அம்மா, நான் முஸ்லிம், என்னைக் கும்பிடாதீர்கள், எனக்குப் பாவம் என்று பணிவாகச் சொன்னேன். ஓம் தாயே என்று தலையாட்டிவிட்டுக் கும்பிட்டாள். அடுத்த நாள் பொறுமை போய்க் கத்திவிட்டேன். அது பெரிய பிழையாகப் போயிற்று. அம்மாளுக்குக் கோபம் ஏறிவிட்டது என்று மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அறை முழுக்கத் தெளித்தாள், இன்னொரு கட்டு வேப்பங்குழை வந்தது. நான் எவ்வளவுக்குக் கோபப்பட்டேனோ அவ்வளவுக்கு அம்மன் ஆனேன். கோபக்கார மனிதன் ஒருவன் வாயை மூடிக்கொண்டு கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்பது படுத்துப் பார்த்தால்தான் தெரியும். மனதால் வெறுக்கவும் முயன்றேன். செவ்விளநீரைச் சீவி, என் வாயருகே பிடித்துக்கொண்டு நிற்கிறவளை எப்படி வெறுக்க முடியும்? என் உம்மா வர முடியாத இடத்தில் அவள்தான் நின்றாள்.

கொப்புளங்கள் காய்ந்து வருகிற நேரம், ஒரு மத்தியானம், அவள் கடைக்குப் போனதைப் பார்த்து ஐயா வந்தார். கும்பிடவில்லை. வாசலில் குந்தி, துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இந்த வீட்டில் என்னை மனிதனாகப் பார்க்கிற ஒருவராவது இருக்கிறாரே.

"தம்பி, முத்து இறங்கித் தண்ணி வாக்கிற அண்டைக்கி அவ உங்களிட்டக் கேப்பா," என்றார்.

என்னத்தை என்றேன்.

"மகனை. அம்மாள் போகக்குள்ள கேட்டாச் சொல்லுவா எண்டு இரிக்கா. ஒரு சொல்லுச் சொல்லுங்க தம்பி. அவன் போயிட்டான் எண்டு. நீங்க சொன்னாக் கேப்பா. அழுதிட்டு ஆறட்டும்."

கும்பிட்டவளைவிட இவர் என்னை அதிர வைத்தார். அவளாவது அம்மாளை நம்பிக் கும்பிட்டாள். இவர் ஒன்றையும் நம்பாமல், என்னிடம் அம்மாளாக நடிக்கச் சொல்கிறார். நான் மனிசன் ஐயா, எனக்கு அதெல்லாம் ஏலாது என்றேன். அது தனக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது என்று சொல்லி எழும்பினார். போகும்போது, நிலையில் சரிந்திருந்த வேப்பங்குழையை நிமிர்த்திச் செருகிவிட்டுப் போனார். என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. மறைவானதை அறிகிறவன் அல்லாஹ் ஒருவன்தான். நான் அறிந்ததாகச் சொன்னால் பொய், அதுவும் தெய்வத்தின் இடத்தில் இருந்து சொல்கிற பொய். சொல்லாவிட்டால் அவள் சாகும்வரை வாசல் படலைச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள், அவர் மகனுக்கு ஒரு பிடி எள் இறைக்காமலே போவார். போயிட்டான். ஒரு சொல். சொன்னால் இரண்டு பேருக்கும் விடுதலை. சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், தொழுகைக்கு நின்றதும் முடியாதென்று விட்டுவிடுவேன்.

தண்ணீர் வார்க்கிற நாள் வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை முற்றத்தில் வெயிலுக்கு வைத்திருந்தாள். சாரத்தோடு என்னைக் கிணற்றடியில் இருத்தி, தலையில் வார்த்தாள். ஐயா கொஞ்சம் தள்ளி, தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிச் செம்பு முடிந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு, என் கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"போறாய் தாயே. போகக்குள்ள ஒண்டு சொல்லிட்டுப் போ. என்ட புள்ள இரிக்கானா?"

ஐயா என்னையே பார்த்தார். அந்தச் சொல் என் தொண்டைவரை வந்தது. சத்தியமாக வந்தது. குனிந்து அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "நான் மனிசன். அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

அவள் அழுவாள், அல்லது ஏமாந்து போவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. காலை விட்டுவிட்டு எழும்பி, ஐயாவின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? அம்மாளுக்கே தெரியாதாம். அம்மாள் அறியாம ஆருக்குச் சா வரும்? என்ட புள்ள இரிக்கான்."

இனி இந்த வீட்டில் கருமம் என்ற கதையே வேண்டாம் என்றும் சொன்னாள். ஓம் என்றார் ஐயா. அப்படியே தென்னையடியில் குந்தி, துவாயை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சந்தோசத்தில் அழுகிறார் என்று அவள் நினைத்தாள். பொய் சொல்லக் கூடாதென்று நான் உண்மையைச் சொன்னேன். என் வாயில் இருந்து உண்மையாகப் போனது, அவளுடைய காதில் அருள்வாக்காக விழுந்தது. நான் பிறகு எவ்வளவு விளக்கிச் சொல்லியும் அதை மாற்ற முடியவில்லை.

நான் மாற்றலாகிப் போனேன், கலியாணமும் முடித்தேன். போன வருசம் ஐயா காலமாகிவிட்டார் என்று தகவல் வந்து, காலையிலேயே பஸ் ஏறிப் போனேன். முற்றத்தில் பாடை கட்டித் தயாராக இருந்தது. அந்த அம்மா தூக்க விடவில்லை. கொள்ளி வைக்க மகன் வருவான் என்று தலைமாட்டில் இருந்தாள். சொந்தக்காரர்கள் கெஞ்சி ஓய்ந்து, வேலியோரம் நின்றார்கள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க மகன். நீங்க சொன்னாக் கேப்பாங்க."

நான் போய்ச் சொன்னேன். பொழுது சாயும் வரைக்கும் பொறுத்தார்கள்.