நீலப் புள்ளியைத் தேடி வந்த லாரி

மூவுலகின் நிலத்தடி நீரையும் காத்தருளும் அடியேன், இன்று காலை கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் வெலவெலத்துப் போனேன்.

எங்கள் சுற்றுச்சூழல் அமைப்பு கிணறு கிணறாக நாடா விட்டு நீர்மட்டம் அளந்து ஒரு வரைபடம் போட்டதே, நினைவிருக்கிறதா? தண்ணீர் மிச்சமிருக்கும் இடமெல்லாம் நீலப் புள்ளி. அங்கே புதிதாகப் போர்வெல் போடத் தடை வேண்டும் என்று சர்க்காரிடம் கேட்கத்தான் போட்டோம். பதினான்கு லோகங்களும் பார்க்கட்டும் என்று அதை இணையத்தில் ஏற்றியவனும் நானே.

டீ பாதி குடித்திருப்பேன். ஐராவதம் போல ஒரு போர்வெல் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கிவந்து போனை நீட்டினார்.

"ஏனுங்ணா, இந்த எடத்துக்கு எப்படிப் போறதுங்க?"

போனில் என் வரைபடம். அவர் விரல் வைத்திருந்தது, ஓர் ஊரே குடிக்கும் ஒற்றைக் கிணற்றின் மேல்.

"அங்க வெறும் பாறைங்க. தண்ணி வத்தி ஏழு ஜென்மம் ஆச்சுங்க" என்று கூசாமல் புளுகினேன்.

அவர் சிரித்தார். "வெளையாடாதீங்ணா. இந்த மேப்பு பொய்யே சொல்லாதுங்க. இது வந்ததுக்கப்புறம் தேங்கா வெச்சு நீரோட்டம் பாக்கறதையே உட்டுட்டோமுங்க. போட்ட புண்ணியவான் நல்லா இருக்கோணும்."

லாரி சரியான பாதையில்தான் திரும்பியது. பின்னாலேயே இன்னும் மூன்று லாரிகள்.

தடை கேட்ட மனு ஏதோ மேசையில் உறங்குகிறது. வரைபடத்தை இப்போதுதான் அழித்தேன். அது எத்தனை போன்களில் இறங்கியிருக்கிறதோ!

உங்கள் ஊர்ப் பக்கம் லாரி வந்ததா? சொல்லுங்கள். புண்ணியவான் யாரென்று மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.