பேபி அக்காவின் கிளி போட்ட தட்டு

மல்லிகா மாடிப்படி இறங்கினால் பிளாக் முழுக்கத் தெரியும். மூன்றாவது மாடியிலிருந்தே என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இறங்குவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்தமே இல்லாமல் என் வாசலில் வந்து நின்றாள். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். என் மகள் திவ்யாவுடைய மாமியார் வீட்டார் வந்து, அவளுடைய வளைகாப்புக்கு நாள் பேசிவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள். "இன்னாடி, நாக்க வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. மணலி புதுநகரில் மகன் வீட்டுக்குப் போயிருந்த பேபி அக்கா, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

என் கையில் இருந்தது பேபி அக்காவுடைய டம்ளர்.

இந்தப் படத்திறப்புக்கு வந்திருக்கும் நம் பிளாக்காரர்களுக்கு அந்த டம்ளரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் நம் வீடுகள் எவ்வளவு பெரிசு என்று வரும்போதே பார்த்திருப்பீர்கள். ஒருத்தர் கை நீட்டிச் சோம்பல் முறித்தால் இன்னொருத்தர் குனிய வேண்டும். இதில் விருந்தாளிக்கென்று தனியாக யார் சாமான் வாங்கி வைப்பது? பேபி அக்கா வைத்திருந்தார். இரண்டு கிளி படம் போட்ட ஒரு தட்டு, ஒரே மாதிரி ஆறு எவர்சில்வர் டம்ளர். கிளியில் ஒன்றுக்கு மூக்குத் தேய்ந்து போய்விட்டது. யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் அந்தத் தட்டு அங்கே போகும். பெண் பார்க்க வந்தவர்கள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள், குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கிளியைப் பார்த்துத்தான் டீ குடித்தார்கள்.

அதற்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். தட்டு வெறுமையாகத் திரும்பி வரக்கூடாது. ஆனால் பெரிசாகவும் எதுவும் வைக்கக்கூடாது. ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒரு கை சர்க்கரை போதும். ஒரு தடவை நான் வீம்புக்கு அரைக் கிலோ ஜாங்கிரி வைத்து அனுப்பினேன். நாலு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு மீதியை என்னிடமே கொண்டு வந்துவிட்டார். "இவ்ளோ வெச்சா அடுத்த தடவ தட்டு கேக்கறவ பயப்படுவா செல்வி. கறிவேப்பில வெச்சா யாரும் பயப்பட மாட்டாங்க" என்றார். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. ஜாங்கிரி மிச்சமானது மட்டும் புரிந்தது.

நான் இந்த பிளாக்குக்குக் குடிவந்த நாளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் சுவர்க் கடியாரம் கொண்டு வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் வீட்டில் ஆளை விடக் கடியாரம் அதிகம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு அம்மா மட்டும் படியேறி மூச்சு வாங்க வந்து, ஒரு புது பக்கெட்டும் மக்கும் வைத்தார். பக்கெட் நிறையத் தண்ணீர். நம் குழாயில் எப்போது தண்ணீர் வரும், எப்போது நிற்கும் என்று புதிதாக வந்தவளுக்கு எப்படித் தெரியும்? "கடியாரம் மாட்ட ஆணி அடிச்சா இந்த செவுரு கொட்டும். வந்தவங்க கை கால் கழுவ இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். அதன்பிறகு ரொம்ப நாள் பேபி அக்காவை 'பக்கெட் அக்கா' என்றே கூப்பிட்டேன். அவரும் "இன்னாமே கடியாரம்" என்று திருப்பிக் கூப்பிடுவார்.

மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் அக்காவுக்கு வேலை கூடிவிடும். கல்யாணம் பேசுகிற காலம், தட்டுக்கு ஓய்வே இருக்காது. தட்டோடு சேர்த்துப் புத்தியும் சொல்லி அனுப்புவார். துறைமுகப் பக்கத்துக் காற்று அடித்தால் சன்னல் விளிம்பில் கரித்தூள் படியும், அதனால் ஆள் வருவதற்கு முன்னால் அங்கே ஈரத்துணி போட்டு வைக்க வேண்டும். வந்தவர்களை வெயில் விழுகிற பக்கம் உட்கார வைக்கக்கூடாது. "மாடி ஏறி வேர்த்துக்கினு வர்றவங்க கைல கொதிக்கிற டீய நீட்டாத. ஃபேன போட்டு, பானத் தண்ணி குடு. வேர்வ அடங்கனப்புறம் டீயா காபியான்னு கேளு. வேணுமான்னு கேக்காத. கூச்சப்படறவங்க வேணாம்னு பூடுவாங்க." இன்னொன்றும் சொல்வார். வந்தவர்களைக் குடிக்கச் சொல்லிவிட்டு நாம் நின்று பார்க்கக்கூடாது, வீட்டு டம்ளரில் நாமும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு கூட உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பாவம், பரீட்சை எழுதுகிற மாதிரி குடிப்பார்களாம்.

அதே பங்குனியில்தான் நம் இரண்டு பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் வேப்ப மரம் பூக்கும். அக்கா பழைய புடவை ஒன்றை மரத்தடியில் விரித்து, விழுந்த பூவை அலசி, மொட்டை மாடியில் காய வைத்து, பேப்பரில் பொட்டலம் கட்டுவார். அந்தக் காலத்தில் அவர் யார் வீட்டுக்குப் போனாலும் கையில் அதுதான். எல்லாரும் இனிப்பு வாங்கிப் போவார்கள், நீ கசப்பு கொண்டு போகிறாயே என்று கிண்டல் செய்தேன். "இனிப்பு டப்பா யாரு குடுத்ததுன்னு மறுநாளே மறந்துடும். வேப்பம்பூ ரசம் வெக்கும்போதெல்லாம் என் நெனப்பு வரும் பாரு" என்றார். கொஞ்சம் கழித்து, "தீந்து பூட்ற பொருளா பாத்து குடு செல்வி. அப்பதான் மறுபடி குடுக்கறதுக்குன்னு ஒரு தடவ போலாம்" என்றார்.

இனி திவ்யாவைப் பெண் பார்க்க வந்த கதை. உங்களில் பாதிப் பேர் அன்றைக்குப் படிக்கட்டில் நின்று ஒட்டுக் கேட்டவர்கள்தான், ஆனாலும் சொல்கிறேன்.

அத்திப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். திவ்யா தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். "இந்த மூக்கில்லாத கிளிய போன ஞாயித்துக்கிழமயும் பாத்தேனே" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மல்லிகா வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வந்தது எனக்குத் தெரியும். அதே ஆட்கள்தான் என்று எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. தரகர் ஒரே பிளாக்கில் இரண்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மல்லிகா வீட்டில் ஒரு வாரமாகப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். கீழே என் பெண் அதே ஆட்களுக்கு அதே டம்ளரில் டீ கொடுக்கிறாள். இந்த இடம் போனால் போகட்டும். மல்லிகாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பது? என் மகளும் அவள் மகளும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்.

அடுப்பு மூலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த பேபி அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஆமாம்மா, அதே தட்டுதான். இந்த பிளாக்குக்கே இது ஒண்ணுதான் கீது. இங்க ஒரு வூட்டுக்கு வந்த விருந்தாளி எல்லா வூட்டுக்கும் விருந்தாளி. ரெண்டு பொண்ண பாக்கறது தப்பில்ல. மேல ஒரு பொண்ணு பதிலுக்கு ஒக்காந்துகினு கீது. வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். அத மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்து இந்த டீய குடிங்க. நான் சூடு பண்ணி வெக்கறேன்."

தரகர் இருமினார். அந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். பேபி அக்காவைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினார். அங்கே உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மல்லிகாவிடமும் அவள் மகளிடமும் நேராகவே சொன்னாராம். ஜாதகம் சேரவில்லை, அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், தரகர் சொல்லிவிடுவார் என்று இருந்துவிட்டோம் என்றாராம். மல்லிகா கோபப்பட்டாள்தான். ஆனால் அந்த ஒரு நாளோடு கோபம் தீர்ந்துவிட்டது. தொங்கலில் விட்டிருந்தால் இன்றைக்கும் தீர்ந்திருக்காது. அவர்கள் கிளம்பிய பிறகு திவ்யா ஒன்றே ஒன்று சொன்னாள்: "மாப்புள்ள கெடக்கட்டும்மா, அந்தம்மா மாடி ஏறிப் போச்சு பாரு, அந்த வூட்டுக்கு நான் போறேன்." அடுத்த பங்குனியில் மல்லிகாவின் மகளுக்கும் இதே கிளி முன்னால் நல்ல இடம் அமைந்தது. இரண்டு கல்யாணத்துக்கும் அக்கா பக்கெட்தான் கொடுத்தார்.

யார் வந்தாலும் அக்கா வாசலோடு நிற்க மாட்டார். "உள்ள குந்த வெச்சதோட வேல முடிஞ்சிடாது. பஸ்ல ஏத்தி வுட்டு, சீட்டு கெடச்சுதான்னு பாக்கணும்" என்று பாரிமுனை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடப்பார். போன மாதம் மணலியிலிருந்து இங்கே கொண்டு வந்து அவரை எடுத்துக்கொண்டு போகும்போது நாங்கள் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போனோம். அதற்கு மேல் பெண்கள் போகும் வழக்கமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மல்லிகா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அக்காவை அவ்வளவு தூரம்தான் வழியனுப்ப முடிந்தது. வந்தவர்களை வாங்க என்று சொல்லக்கூடாத வீடாகவும், போகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடாகவும் அவருடைய வீடு பதினாறு நாள் இருந்தது.

அந்தப் பதினாறு நாளும் தட்டு என்னிடமே இருந்தது. முந்தின நாள் சனிக்கிழமை, மணலிக்குக் கிளம்பும் அவசரத்தில், அக்கா என்னைப் படியிலேயே நிறுத்தி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது சொன்னதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது. "பால மொதல்லயே காச்சி வெச்சிடாத. அவங்க வந்தப்புறம் காச்சு. பால் பொங்கற வரைக்கும் கெளம்பறேன்னு சொல்ல மாட்டாங்க. அந்த நேரத்துலதான் மனசு வுட்டு பேசுவாங்க."

தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுப்பது, என்ன வைத்துக் கொடுப்பது? மரத்தடியில் பூ விழுந்து கால் பட்டுக் கிடந்தது, புடவை விரிக்க ஆளில்லை. என் பழைய புடவையை விரித்தேன். தட்டு அவர் மகன் சுரேஷுக்குத்தான் சேர வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்தது. அவன் அதை மணலிக்குக் கொண்டு போய்விட்டால், நாளைக்கு இங்கே ஒரு பெண் கதவைத் தட்டினால் என்ன செய்வோம் என்றும் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு சுரேஷ் இங்கேதான் வந்திருந்தான். வேப்பம்பூவை வைத்துத் தட்டை அவன் கையில் கொடுத்தேன். அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஷோகேஸில் வைக்கலாம் என்று இருக்கிறேன் அத்தை என்றான். "வெச்சிக்கோ நைனா, உங்கம்மாது" என்றேன். அந்தக் கிளிக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை என்று சொல்ல வாய் வந்தது. முழுங்கிவிட்டேன்.

டீக்கடையிலிருந்து பேப்பர் கப்பில் டீ வந்தது. காரியத்துக்கு வந்திருந்த திவ்யாவின் மாமியாருக்கு, என் சம்பந்தியம்மாவுக்கு, அந்தக் கப்பைச் சூட்டோடு பிடிக்க முடியவில்லை. சுரேஷ் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து அதில் ஊற்றிக் கொடுத்தான். அவர் கிளியைப் பார்த்தார், பெண் பார்க்க வந்த அன்றைக்கு நடந்த கதையை அவனுக்குச் சொன்னார். அவனுக்கு அது தெரியவே தெரியாது. உடனே மல்லிகா தன் கதையைச் சொன்னாள். முதல் மாடிக்காரர், தன் அப்பா போனபோது விசாரிக்க வந்தவர்களுக்கு இந்தத் தட்டில்தான் டீ கொடுத்தோம் என்றார். சுரேஷ் ஆறு டம்ளரிலும் மாற்றி மாற்றி டீ ஊற்றிக்கொண்டே இருந்தான்.

சம்பந்தியம்மாவை பஸ் ஏற்றி, சீட் கிடைத்ததா என்று பார்த்துவிட்டு நான் வீடு திரும்பும்போது சுரேஷ் என் வாசலில் நின்றிருந்தான். கையில் தட்டு. கழுவித் துடைத்த டம்ளர்கள் ஐந்துதான் இருந்தன.

"ஒண்ணு எனக்கு எடுத்துக்கினேன் அத்த. மீதி இங்கயே இருக்கட்டும். அங்க வெச்சா யார் வந்து கேக்கப் போறாங்க?"

டம்ளர்களுக்கு நடுவில் பேப்பரில் மடித்த ஒரு கை சர்க்கரை இருந்தது. அவனுக்கு நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

அக்காவுடையது என்று இப்போது என்னிடம் இருப்பது ஒரு தட்டும் ஐந்து டம்ளரும்தான். இனிமேல் என் கதவைத் தட்டுங்கள். பகலோ ராத்திரியோ, கொடுப்பேன். கொஞ்சம் கிண்டல் செய்வேன், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது டம்ளர் எங்கே என்று தேடாதீர்கள். அது உங்கள் வீட்டு டம்ளர், அதில் நீங்கள் ஊற்றிக்கொண்டு வந்தவர்களோடு உட்காருங்கள். பாலை மட்டும் அவர்கள் வந்தபிறகு காய்ச்சுங்கள்.