மைனி பார்த்த கழுகு

பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி மைனி என்னிடம் நீட்டியபோது எடவப்பாதி என்று இங்கே சொல்லும் ஜூன் மழை தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. அதற்குமுன் அதன் கண்ணாடியை, நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டால் இரண்டு தடவை துடைத்தாள். கண்ணில் வைத்துப் பார்த்தாள். மறுபடி துடைத்தாள். குறை கண்ணாடியில் இல்லை என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "இனி நீ நோக்குட்டி. எனக்கு எல்லாம் புகை மாதிரி இருக்கு. நீ நோக்கிச் சொல்லு, என்ன பறவைன்னு நான் சொல்றேன்" என்றாள். அன்று காலை தொடங்கி ஒரு வருடம் நான் அவளுக்குக் கண்ணாக இருந்தேன். அந்த வருடத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுதுவதால் எதுவும் சரியாகிவிடாது.

அண்ணன் மனைவியை எங்கள் நாகர்கோவில் பக்கம் மதினி என்போம். வாயில் அது மைனி ஆகிவிடும். மைனி பிறந்தது திருவனந்தபுரம் ஆரியசாலையில், அரிசி மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில். குடோனில் சிந்திய நெல்லுக்கு வரும் சிட்டுக்குருவிகளை மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் சின்ன வயதில் அவளுக்கு விளையாட்டு. பிறகு ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. இருபத்தைந்து வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பிறருடைய ரத்தத்தைப் பார்த்தாள். எத்தனையோ பேருக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டு சொன்னவள், தன்னுடையதைக் கவனிக்காமல் விட்டாள். அது கண்ணைப் பிடித்துக்கொண்டது.

நான் கணவனை விட்டு வந்தபோது அம்மா வீட்டில்கூட ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மைனி மட்டும் எதுவும் கேட்கவில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் அண்ணனும் அவளும் இருந்த நான்காவது மாடி வீட்டில் பின்னறையைக் காலி செய்து, என் பெட்டியை அவளே தூக்கி வைத்தாள். எனக்கு அங்கேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. எத்தனை நாள் இருப்பாய் என்று இன்றுவரை அவள் என்னிடம் கேட்டதில்லை. நான் யாருக்குத் துரோகம் செய்தேன் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகவே இதையெல்லாம் சொல்கிறேன்.

அந்த வீட்டு பால்கனிக்குக் கீழே ஒரு ஏலா இருந்தது. தாழ்வான வயல்வெளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பாதியில் நெல், பாதியில் ஆம்பல் படர்ந்த தண்ணீர். நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்படி ஒரு இடம் தப்பிப் பிழைத்திருந்ததே அதிசயம். அதை ஒருவர் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்து, மண் நிரப்பிக் கட்டடம் கட்டப் போகிறார் என்று தெரிந்ததும் ஊரில் சிலர் கூடினார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஷ். மைனி பதினைந்து வருடமாகப் பால்கனியில் நின்று பறவை பார்ப்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஒரு கொல்லத்தெ லிஸ்ட் மதி, சேச்சி" என்றார். ஒரு வருடப் பட்டியல் போதுமாம். எந்தப் பறவை, எந்த நாள், எத்தனை. அதைப் புகாரோடு வைத்தால் அதிகாரிகள் லேசில் தள்ளிவிட முடியாது என்பது அவர் நம்பிக்கை. மைனி ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட மறுவாரம்தான் பைனாகுலரை என்னிடம் தந்தாள்.

பட்டியலின் முதல் பக்கத்தில் பறவை இல்லை, ஒரு மரம்தான் இருக்கிறது. வயல் நடுவே தலை போன தென்னை ஒன்று பல வருடமாக நின்றது. அதன் பொந்தில் கிளிகள் குடியிருந்தன. குளிர்காலத்தில் அதன் உச்சியில் ஒரு புள்ளிக் கழுகு வந்து உட்காரும். எங்கோ வடக்கே, பனி நாட்டிலிருந்து வருவது. உலகத்திலேயே குறைந்துகொண்டு வரும் இனம் என்று மைனி சொல்வாள். மூன்று குளிர்காலமாக அது தவறாமல் வந்தது. கண் நன்றாக இருந்த காலத்தில் அவள் அதைப் படமும் எடுத்திருந்தாள். அந்தத் தென்னை ஜூன் மாதக் காற்றில் அடியோடு விழுந்தது. நான் பார்த்துச் சொன்னேன். "எழுதிக்கோ. கிளி வீடு போச்சுல்லா, அதுவும் சேரட்டும்" என்றாள். நாளைப் போட்டு என் கையெழுத்தில் எழுதினேன்.

மழைக்காலம் முழுக்க எனக்குப் பாடமாகவும் அவளுக்குச் சிரிப்பாகவும் போயிற்று. "நீட்டு வால் உள்ள ஒரு கோழி, மைனி, எலை மேல நடக்குது" என்று ஒருநாள் கத்தினேன். "பிடரி என்ன நிறம்?" "பொன்னு மாதிரி." "ரெக்கை?" "வெள்ளை." நீளவால் இலைக்கோழி. ஆண்பறவைதான் அடைகாக்கும் என்று சொன்னாள். ஆடி மழையில் தண்ணீர் ஏறியபோது அது தன் முட்டைகளை அலகுக்கும் மார்புக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பின்னோக்கி நடந்து நடந்து, ஒவ்வொன்றாக வேறு இலைக்குக் கொண்டுபோனது. நான்கு முட்டை. அரை மணி நேரம் நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மைனி கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழைச்சாரல் முகத்தில் விழ, வயல் பக்கம் திரும்பி நின்று கேட்டாள். நான்காவது முட்டையும் போய்ச் சேர்ந்தது என்று சொன்னதும் பெருமூச்சு விட்டாள். அலுவலகத்துக்கு அன்று தாமதமாகத்தான் போனேன்.

ஐப்பசியில் ஒரு காலை, எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கண்ணாடியில் மோதி ஒரு சிறு பறவை கீழே கிடந்தது. பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியது போல ஒரு கோடு. உயிர் இருந்தது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று மேசைக்கடியில் இருந்தது. அதில் வைத்து ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மைனி அதைக் கையில் வாங்கி, முகத்துக்கு மிக அருகில், மூக்கு படும்படி வைத்துப் பார்த்தாள். "ஆறுமணிக் குருவிட்டி. இமயமலை அடிவாரத்துலருந்து ராத்திரி ராத்திரியாப் பறந்து வருது" என்றாள். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வதை என் விரலை எடுத்து வைத்துக் காட்டினாள். பகல் முழுக்கப் பெட்டியில் இருந்தது. சாயங்காலம் பால்கனியில் திறந்தபோது கொஞ்சம் தயங்கி, கீழே மாமரத்துக்குள் பறந்து போயிற்று. ஆறு மணி வாக்கில் அங்கிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை. மைனி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்த வருடத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றுதான்.

கார்த்திகையில் வயலின் மேற்கு மூலையில் செம்மண் லாரிகள் வந்தன. புகார் கொடுத்தாயிற்று, விசாரணை முடியும்வரை கூடாது என்று மாஷ் ஓடி ஓடி நிறுத்தினார். நிறுத்துவதற்குள் ஒரு மூலை மேடாகிவிட்டது. நீலவால் பஞ்சுருட்டான்கள் வந்தன. உள்ளான்கள் கொஞ்சம் வந்தன. வாத்துக் கூட்டம் ஒன்று இரண்டு முறை வட்டமடித்துவிட்டு இறங்காமலே போயிற்று. மைனி தினமும் காலையில் ஒரே கேள்வி கேட்டாள். "வந்துதா?" கழுகைத்தான் கேட்கிறாள். "இல்ல, மைனி." மார்கழி போயிற்று. மாஷ் வந்து, அந்த ஒரு பறவை பட்டியலில் இருந்தால் நமக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதம் கண் மருத்துவமனைக்குப் போனோம். இனிமேல் கண்ணில் ஊசி போட்டுப் பயன் இல்லை என்று டாக்டர் தன்மையாகச் சொன்னார். உள்ளே ரத்தம் கசிகிறது, இருக்கிற வெளிச்சமும் போகும். வீட்டுக்கு வந்து, மைனி கால்கூடக் கழுவாமல் நேராகப் பால்கனிக்குப் போய் நின்றாள். "வந்துதாட்டி?" என்றாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. காலி வயலைப் பார்த்துக்கொண்டே, "வந்திருக்கு, மைனி" என்று சொன்னேன்.

"எங்க?"

"மேற்கு வரப்புக்கு மேல. வட்டம் சுத்துது."

அவள் முகத்தை வானத்துக்குத் தூக்கினாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு, "ஆமாட்டி, எனக்கும் தெரியுது. கறுப்பா மெதுவா நீங்குது. நான் கண்டேன்" என்றாள். இரண்டு கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது. நான் நோட்டை எடுத்து நாளைப் போட்டு எழுதினேன். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று அப்போது நினைத்தேன்.

செய்தி கேட்டு மாஷ் ஓடி வந்தார். படம் இருக்கிறதா என்று கேட்டார். மைனி ஆவலோடு என் பக்கம் திரும்பினாள். எடுத்தேன் என்றேன். அன்று மாலை, அவளுடைய பழைய கணினியில் இருந்த கழுகுப் படத்தை மாஷுக்கு அனுப்பினேன். கழுகை மட்டும்தான் பார்த்தேன். அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

விசாரணை சித்திரையில். அதிகாரியின் அறையில் மின்விசிறிக்குக் கீழே எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், கத்திப் பேசாதவர். பட்டியலை மரியாதையாகப் புகழ்ந்தார். பிறகு மைனியிடம், கழுகை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று மலையாளத்தில் கேட்டார். "கண்டு" என்றாள் மைனி, தலையை நிமிர்த்தி. அவர் பட்டியலின் முதல் பக்கத்தையும் படத்தையும் அதிகாரியின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இந்தத் தென்னை ஜூனில் விழுந்துவிட்டதாக இவர்களே எழுதியிருக்கிறார்கள். தையில் எடுத்த படத்தில் அது எப்படி நிற்கிறது என்று கேட்டார்.

மைனிக்கு மேசையும் தெரியவில்லை, படமும் தெரியவில்லை. என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்: "என்ன படம்ட்டி அது?"

நான் மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தேன்.

"மரம் நிக்குதா?"

"நிக்குது, மைனி."

அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. ஒரு பதிவு பொய்யென்றால் மற்றவற்றை எப்படி நம்புவது என்று வக்கீல் கேட்டதும், கண் தெரியாத ஒருவரின் பட்டியல் இது என்று வருத்தத்தோடு சொன்னதும், மாஷ் தன் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்ததும் எல்லாம் அவளுக்கு முன்னால்தான் நடந்தன. வெளியே வந்ததும் மாஷ் என்னைப் பார்த்து, "மோளே, எந்தினா?" என்றார். எதற்காக. அதன்பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் மைனி கேட்டாள். "மத்ததெல்லாம் உள்ளதுதானா?"

"சத்தியமா, மைனி. அது ஒண்ணுதான்."

"அந்த முட்டை? நாலையும் கொண்டு போச்சே?"

"உள்ளதுதான், மைனி."

"ஆறுமணிக் குருவி உள்ளது. அது என் கையில இருந்துச்சு" என்றாள். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தனக்குத்தானே பேசுவது போல, "அப்ப நான் கண்டது கண்ணுக்குள்ள இருந்த ரத்தம்" என்றாள். ஆய்வகத்தில் முடிவை எழுதிக் கொடுக்கும்போது அவள் குரல் இப்படித்தான் இருந்திருக்கும்.

வைகாசியில் லாரிகள் வரிசையாக வந்தன. பன்னிரண்டு நாளில் ஆம்பல் தண்ணீர் மூடிப்போயிற்று. அந்தப் படம் இல்லாவிட்டாலும் நிரப்பியிருப்பார்கள், நீ மனதைப் போட்டு உழப்பாதே என்று அண்ணன் சொன்னான். அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். அதைப் பிடித்துக்கொள்ள எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். ஆனால் வயலை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் முழுக்க அவளுக்குக் காட்டிய பறவைகளை அவளிடமிருந்து எடுத்தவள் நான். மழையில் நின்று அவள் கேட்ட அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்துத்தான்.

இப்போது மைனிக்குச் சுத்தமாகப் பார்வை இல்லை. கீழே ஏலா இருந்த இடத்தில் கட்டடம் எழுந்து, ஜன்னல்களில் திரை தொங்குகிறது. நான் இன்னும் அதே பின்னறையில்தான் இருக்கிறேன். மன்னிப்புக் கேட்டபோது "போட்டும், விடு" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். நான் அலுவலகத்திலிருந்து வரத் தாமதமானால் முன்பு போலவே சோறு எடுத்து மூடி வைக்கிறாள், தலைவலி என்றால் தைலம் தேடித் தருகிறாள். வெளியே என்ன இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்பதில்லை.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் பால்கனியில் இருந்தோம். அவள் பயறு உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டடத்தின் மேல் வானம் இருண்டது.

"மழை தூறுது, மைனி" என்றேன்.

அவள் பயற்றுத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். எழுந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். உள்ளங்கையை விரித்து, ஒரு துளி விழும்வரை நின்றாள்.

"ஆமா" என்றாள். "துணியை எடு."