பொடி இருமல்

மாலை நாலு மணிக்கு என் மகள் கோமுவின் உள்ளங்கை சுடும். காலையில் ஆறிவிடும். பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாயைத் தேடுவாள். கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. பாவாடை நாடாவை மாதத்துக்கு ஒரு விரல் கூடுதலாக இறுக்கிக் கட்டினாள்.

"கணைச்சூடுதான்" என்றாள் என் மனைவி. பிள்ளைகள் மெலிந்து காய்ந்தால் எங்கள் பக்கம் சொல்லும் பெயர். அந்தச் சொல்லில் ஓர் ஆறுதல் இருந்தது. கணை வரும், குளிர்ச்சி கொடுத்தால் போய்விடும். ஆனிச் சாரலில் வண்டி கட்டிக் குற்றாலம் போனோம்.

"போதும்ப்பா, குளுருது."

"ஏட்டி, இன்னும் கொஞ்சம் நில்லு. சூட்டைத் தண்ணி இழுத்துரும்."

அவளை இறுக அணைத்துக்கொண்டு அருவியில் நின்றேன், இருமிக்கொண்டே.

சூடு கூடியது. தென்காசி டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். க்ஷயம் (நுரையீரலில் தொடங்கி உடம்பைத் தேய்க்கும் தொற்றுநோய்) என்று சந்தேகப்பட்டார்.

"பெரியவங்கன்னா சளியைப் பாத்துச் சொல்லிரலாம். பிள்ளைக துப்பாது, முழுங்கிரும். வீட்ல யாரு இருமுதா?"

"யாருமில்லை" என்றேன்.

கோமு சிரித்தாள். "அப்பா இருமுதாவளே! ஆனா அது பொடி இருமல், டாக்டரையா. தெரு முனை வரைக்கும் கேக்கும்."

நானும் சிரித்தேன். மூக்குப்பொடி போடுகிறவன் இருமினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"எத்தனை வருசமா அண்ணாச்சி?"

"மூணு இருக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியை என் பக்கம் நகர்த்தினார்.

என் சளியில் கிருமி இருந்தது.

கிருமியைக் கொல்லும் மருந்து அன்று இல்லை. ஓய்வு, பால், முட்டை, மீனெண்ணெய், திறந்த சன்னல். எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். சாம்பல் போட்ட தகரத்தில் துப்பி, அதை எரித்தேன். தொழுவத்தை ஒட்டிய கொட்டகைக்கு மாறினேன். சன்னலுக்குள்ளிருந்து கோமு கூப்பிடுவாள்:

"இருமுங்கப்பா, இருக்கியளான்னு தெரியட்டும்."

இருமுவேன். சிரிப்பாள்.

மார்கழியில் நோய் மூளையுறைக்கு (மூளையைப் போர்த்திய சவ்வுக்கு) ஏறியது. வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கூப்பிடவில்லை. பத்தாம் நாள் அவளை நான் கையில் தூக்கினேன். அன்றைக்கு யாரும் என்னைத் தடுக்கவில்லை.

உங்கள் பிள்ளைக்கு மாலைச் சூடு கண்டால், வீட்டுப் பெரியவர்களின் நெஞ்சையும் சோதிக்கச் சொல்லுங்கள். எந்த இருமலுக்கும் செல்லப் பெயர் வைக்காதீர்கள்.

நான் பிழைத்தேன். ஒரு வருஷப் படுக்கையில் நுரையீரல் புண் ஆறியது. சளி சுத்தம் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். உடம்பு நம்பவில்லை. தெருவில் ஒரு பிள்ளை பக்கத்தில் வந்தால் நெஞ்சு தானே பூட்டிக்கொள்கிறது. அது கடந்துபோகும்வரை மூச்சு விடுவதில்லை. எனக்குக் காலம் என்பது இப்போது அடக்கிய ஒரு மூச்சின் நீளம்தான்.