நிப்போங்கோ பரீட்சையும் என் வீட்டுக்காரர் பெயரும்

எங்கள் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் இப்போது யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் இச்சி, நி, சான் என்று ஜப்பான் பாஷையில் கத்த வேண்டும். வெள்ளைக்காரத் துரை காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணியே தலைகளை எண்ணிக்கொள்வார். நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றால் போதும். இப்போது கொட்டாவி விட்டால் கன்னம் வீங்கும். என் பக்கத்து வீட்டு அஞ்சலை தன் முறை வரும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, மாட்டிக்கொண்டோமா என்று என்னைப் பார்ப்பாள். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கும் சிரிப்பு வரும், ஜப்பான் துரை அந்தப் பக்கம் போன பிறகு.

தபால் நின்றுபோன காலத்தில் இதை எழுதுகிறேன். என்றைக்காவது கப்பல் ஓடும், அன்றைக்குச் சேலம் ஜில்லாவில் யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கைதான். ரந்தாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். ரப்பரை வாங்க ஆளில்லாததால் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டிருக்கிறோம். காலையிலும் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு. இந்த நிலைமையில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மத்தியான வகுப்பு ஒன்று திறந்தார்கள். ஜப்பான் மொழிக்கு நிப்போங்கோ என்று பெயர். சிரம்பானில் தெமியாங் பக்கம் மூன்று மாதம் படித்துவிட்டு வந்த எங்கள் கிராணிதான் வாத்தியார். என்னைவிட இளையவர். நான் ஊரில் ஐந்தாவது வரை படித்தவள், கரும்பலகையைப் பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆசை தாங்காமல் போய் உட்கார்ந்தேன்.

நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயமே சிரித்தது. "ஏண்டி, கெழங்கு தோண்டறதுக்கு ஜப்பான் பாஷை எதுக்குலா?" என்றாள் அஞ்சலை. கரித்துண்டால் அடுப்பங்கரைச் சுவரில் கத்தகானா என்கிற ஜப்பான் எழுத்துகளை எழுதிப் பழகினேன்.

அஞ்சலை கேள்விக்குப் பதில் பிறகு வந்தது. சயாமில் ரயில் பாதை போடுவதற்கு முதலில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அடுத்த பட்டியலில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஜப்பான் டாக்டர் வராரு. நோயாளிங்க சொல்றத அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு பொம்பள ஆளு வேணுமாம். பரீட்சையில பாஸ் பண்ணுங்க. அண்ணனயும் அங்கியே தண்ணி தூக்க வச்சிக்கலாம். ஆஸ்பத்திரி ஆளுங்களச் சயாமுக்கு அனுப்ப மாட்டாங்க" என்றார். அன்றிலிருந்து கிழங்கு தோண்டும்போதும் எனக்குப் பாடம்தான். தூக்கத்தில் உளறினால்கூட ஜப்பான் பாஷையில்தான் உளறினேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

பரீட்சை நாளில் பள்ளிக்கூட ஜன்னல் முழுக்கத் தலைகள். அவரும் வெளியே நின்றார். மேசைக்குப் பின்னால் ஜப்பான் துரை. வயிற்றுவலிக்கு என்ன சொல்வாய், காய்ச்சலுக்கு என்ன சொல்வாய் என்று கேட்டார். மளமளவென்று சொன்னேன். தலையாட்டினார். பிறகு மிகச் சுலபமான ஒரு கேள்வி கேட்டார்: உன் புருஷன் பெயர் என்ன?

கேள்வி புரிந்தது. வாய் திறக்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறுவதற்கு முன்னால், தோட்டத்துக்கு ஆள் பதிகிற டிப்போவிலும் இதையே கேட்டார்கள். பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள், இவரிடம் கேட்டுக்கொண்டு எனக்காகச் சொன்னாள். எழுதுகிறவரும் நம்மூர்க்காரர், தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். நம் வழக்கம் அதுதானே. முருகன் ஆண்டியாக நிற்கிற ஊர் பெயர்தான் அவர் பெயர். அந்த ஊருக்குப் பாதயாத்திரை போனதைச் சொல்வதானாலும் 'அந்த மலைக்கு' என்றுதான் சொல்வேன்.

துரை இன்னொரு முறை கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். ஜன்னலில் நின்ற அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. வழக்கப்படி எனக்காக அவர் பெயரை உரக்கச் சொல்லிவிட்டாள். துரை மேசையை அடித்து எழுந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை, வெளியிலிருந்து ஆள் வைத்துச் சொல்லச் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் தாளை எடுத்து ஓரமாக வைத்தார். கிராணி ஏதோ சொல்ல வாயெடுத்து, துரை முறைத்ததும் மூடிக்கொண்டார்.

பெயரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பாள் அம்மா. சொல்லாவிட்டால் சயாம். நிமிர்ந்து நின்று, இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, "ஷுஜின்னோ நமாயே வா" என்று, புருஷன் பெயர் இன்னது என்கிற வாக்கியத்தைத் தொடங்கினேன். அவர் பெயரைச் சொன்னேன். "தெஸ்" என்று முடித்தேன். துரை தாளைத் திரும்ப இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போகும்போது எப்போதும் முன்னால் நடக்கிறவர் அன்று பக்கத்தில் நடந்தார். "இன்னொரு வாட்டி சொல்லு புள்ள" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க. இங்க முடியாது."

இப்போது தினமும் காலையில் ஆஸ்பத்திரி ஆட்களின் பெயரை நான்தான் கூப்பிடுகிறேன். மூன்றாவது பெயர் அவருடையது. தண்ணீர் வாளியோடு நின்று "ஹாய்!" என்று ஜப்பான் பாஷையில் ஆஜர் சொல்கிறார், தேவைக்கு மேலேயே சத்தமாக. லயத்துக்கு வந்துவிட்டால் பழையபடி 'ஏங்க'தான். சயாமுக்குப் போனவர்களை நினைத்தால் இந்தச் சந்தோஷம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சந்தோஷம்தான். நாளைக்கு இந்தத் துரைகள் போய்விட்டாலும் டாக்டர் பக்கத்தில் நின்று கற்ற வேலை என் கையோடு இருக்கும்.

ஒரு சங்கடம் மட்டும் பாக்கி. உறையில் அனுப்புகிறவள் இன்னாருடைய மனைவி என்று எழுத வேண்டும். மூன்று நாளாகப் பேனாவைப் பிடித்துப் பார்த்துவிட்டேன், தமிழில் கை வரவில்லை. கடைசியில் அவர் பெயரைக் கத்தகானாவில் எழுதிவிட்டேன். ஊரில் யாருக்கும் அது புரியாது. பதில் போடுகிறவர்கள் அந்த எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்து அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்துவிடும்.