எனக்கும் உண்டு என்றவர்

சுட்ட வசம்பைக் கல்லில் இழைத்து, அந்தக் கருப்பு விழுதை மூன்று வயது மகளின் நாக்கில் தடவினேன். அவள் முகத்தைச் சுளித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுபதுகளின் நடுவில், கல்கத்தா லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டில் நடந்தது இது. தடவினால் பேச்சு திருந்தும் என்று ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. கீழே நம்மவர் மளிகைக் கடையில் வசம்பும் கிடைத்தது. நானும் நம்பினேன்.

அதற்குமுன் அவள் வாய் ஓயாதவள். தமிழில் தொடங்கி வங்காளத்தில் முடிப்பாள். மாஷிமா என்று நாங்கள் கூப்பிட்ட எதிர்வீட்டு வங்காளி அம்மாளிடம்தான் பாதிப் பொழுதும் இருப்பாள். ஒரு மழைக்காலத்தில் திடீரென்று, "ப... ப... பால்" என்று ஆரம்பித்தது. விளையாட்டென்று சிரித்தோம். துர்கா பூஜை வந்தும் நிற்கவில்லை. கண்ணை இறுக்கி மூடுவாள், கழுத்து நரம்பு புடைக்கும், சொல் மட்டும் வராது. இரண்டு பாஷை கலந்ததால் குழந்தை குழம்பிவிட்டது என்று நானே முடிவுகட்டி, மாஷிமா வீட்டுக்குப் போகாதபடி கதவைத் தாழிட்டேன். "நிதானமா, திரும்பச் சொல்லு" என்று சொல்லுக்குச் சொல் அதட்டினேன். கொஞ்ச நாளில் அவள் பேசுவதையே விட்டுவிட்டாள்.

என் கணவருக்கு அலிப்பூரில் அரசாங்க ஆபீசில் வேலை. அளந்து பேசுகிற மனிதர். கடைக்குப் போனால்கூடச் சீட்டில் எழுதி நீட்டிவிடுவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தக் காலத்தில் யார்தான் கூப்பிட்டார்கள்? "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நான் கேலி செய்தால் சிரித்துக்கொள்வார். மகள் விரலைக் காட்டித் தண்ணீர் கேட்ட அன்று அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட போலாம்."

"இதுக்கெல்லாமா டாக்டர்? தானா சரியாயிடுங்க."

"போலாம்" என்றார் மறுபடியும்.

பாலிகஞ்சில் வயதான ஒரு குழந்தை வைத்தியர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்குமா என்று வங்காளத்தில் விசாரித்தார். இல்லவே இல்லை என்று நான் முந்திக்கொண்டேன். கணவர் நாற்காலியின் கையைப் பற்றினார். "ஆ... ஆ... ஆமாரோ ஆச்சே" என்றார். எனக்கும் உண்டு என்கிறார்! மகளுக்குப் போலவே கண் இறுகியது; கழுத்து நரம்பு புடைத்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்பே சிரித்த நாளிலிருந்து, வராத சொல்லுக்குப் பதில் வேறு சொல் தேடியும், பேசாமலே இருந்தும் மறைத்து வந்தாராம். ஐந்து வருஷம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியவில்லை. என் கேலியெல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போனேன். ஊரில் பெரிய வீரர்களைப் பற்றியெல்லாம் பேசுகிறார்கள். நான் பார்த்த தைரியம் அதுதான்.

"இதைச் சொன்னது நல்லதாயிற்று" என்றார் வைத்தியர். இந்த வயதில் பல பிள்ளைகளுக்குத் திக்குமாம், பெரும்பாலும் தானே போய்விடுமாம். ஆனால் மாதக்கணக்கில் நீடித்தாலோ, முகம் இறுகித் திணறினாலோ, பேசவே பயந்தாலோ, வீட்டில் யாருக்காவது இருந்தாலோ காத்திருக்கக் கூடாது என்றார். இரண்டு பாஷையால் இது வருவதில்லை, கதவைத் திறந்துவிடுங்கள் என்றார். பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்மணிக்குக் கடிதமும் கொடுத்தார்.

திரும்பும்போது டிராமில் மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அ... அப்பா, உ... உனக்கும் வ... வருமா?"

"வ... வ... வரும்டா கண்ணு" என்றார் அவர். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் குரலைத் தாழ்த்தவில்லை. இறங்கும்வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன்.

பள்ளியில் சேர்ப்பதற்குள் அவளுக்குத் திக்கல் போய்விட்டது. அவருக்குப் போகவில்லை. எண்பதைத் தாண்டியும் திக்கித் திக்கித்தான் பேசுகிறார், ஆனால் நாள் முழுக்கப் பேசுகிறார். சில நேரம், கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று நாக்கு நுனிவரை வரும். சொல்ல மனசு வருவதில்லை.